ஊஞ்சலை நிறுத்தும் கணக்கு

போன வாரம் தி.நகரில் ஒரு கல்யாணம். ஊஞ்சலில் உட்கார்ந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி வசுமதி மட்டும் ஊஞ்சல் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் மணப்பெண் அவளுடைய அத்தை பெண்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே அடையாறில் பிஎச்.டி. செய்கிறாள். ஆராய்ச்சியின் தலைப்பைச் சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். சுருக்கமாக — ஆடுகிற ஊஞ்சலைக் குறித்த நேரத்துக்குள், மிகக் குறைந்த முயற்சியில் நிறுத்துவது எப்படி?

பிடித்தால் நிற்கப்போகிறது, இதற்கு ஒரு பிஎச்.டி.யா என்று நானும் கேட்டேன். அன்று ரசத்தில் உப்பில்லை.

மந்தைவெளியில் வீடு தேடியிருக்கிறீர்களா? பார்த்ததில் ஒன்று பிடித்துவிட்டால் குடிபோய்விடுவோம். அடுத்த தெருவில் இதைவிட நல்ல வீடு இருந்ததா... யாருக்குத் தெரியும்? வழக்கமான கம்ப்யூட்டர் முறையும் அப்படித்தானாம். சுமாரான விடை ஒன்று கிடைத்ததும் அங்கேயே தங்கிவிடும். வசுமதியின் முறை வேறு. ஊஞ்சலின் கதை முழுவதையும் இயற்கணிதச் சமன்பாடுகளாக எழுதி, ஒவ்வொரு மாறியாக நீக்கிக்கொண்டே போகிறாள். கடைசியில் ஒரே ஒரு மாறி உள்ள சமன்பாடு மிஞ்சும். அதைத் தீர்த்தால் ஊரில் காலியாக உள்ள எல்லா வீடுகளும் தெரிந்துவிடும்.

"ஒவ்வொரு சமன்பாடும் வளைஞ்ச திரை மாதிரி. எல்லாத் திரையும் தொட்டுக்கற புள்ளியைத்தான் தேடிண்டிருக்கேன்" என்பாள். அப்போது அவள் கண்கள் நம் ஊரில் இருக்காது. கேட்கிற எனக்கும் ஹால் முழுக்கத் திரைகள் காற்றில் அசையும்.

அழகுதான். மெஷின் ஒத்துழைக்க வேண்டுமே? ஒவ்வொரு முறையும் சமன்பாடுகள் குட்டி போட்டுப் பெருகி, மெமரி நிரம்பி, புரோகிராம் பாதியில் செத்துப்போகும்.

"இந்த மாசத்துக்குள்ள ஓடலேன்னா இந்த சாப்டரையே விட்டுடுங்கம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். அது போனால் ஆராய்ச்சியில் மிச்சம் ஏது? அவள் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு வருவோம். மாமிகள் பாட்டை ஆரம்பித்ததும் வீடியோக்காரர் குறுக்கே வந்தார்.

"மாமி, கேசட்டு தீரப்போவுது. எறங்கற ஷாட்டு சின்னது, அத மொதல்ல எட்த்துக்கறேன். ஆட்றத அப்பால புது கேசட்டுல எட்த்துக்கலாம்."

மாமிகள் முணுமுணுத்தார்கள். இன்னும் ஆடவே ஆடாத ஊஞ்சலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தபடி இறங்கினார்கள்.

வசுமதி என் கையைப் பிடித்தாள். "நான் வரிசையைத் தப்பா வச்சுண்டிருக்கேன்."

கதை நடக்கிற வரிசையிலேயே மாறிகளை நீக்கிக்கொண்டிருந்தாளாம் — ஆட்டத்தின் ஆரம்பம் முதலில், நிற்பது கடைசியில். ஊஞ்சல் நிற்கிற இடத்திலிருந்து பின்னோக்கி வந்தால்? வரிசையை மாற்றினால் விடை மாறாது. ஆனால் வேலை மலையாகவும் ஆகும், மடுவாகவும் ஆகும்.

"யாராவது கேட்டா தலைவலின்னு சொல்லிடுங்கோ" என்று பட்டுப் புடவையோடு அடையாறு பஸ் ஏறிவிட்டாள். இன்னும் தாலிகூடக் கட்டவில்லை. அவள் பங்கு பாயசத்தையும் நானே சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனபோது புரோகிராம் ஓடி முடிந்திருந்தது. கைடு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். நடக்கவே முடியாத விடைகளைக் கழித்த பிறகு, பழைய முறையின் கண்ணில் படாத ஒன்று அங்கே இருந்தது. உடனே பிடிக்காதே, தன் போக்கில் ஒருமுறை போய்வர விடு, பிறகு பிடி என்றது அந்த விடை.

"இந்த சாப்டர் இருக்கட்டும்மா" என்றார் கைடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் வீட்டு ஹாலிலும் ஒரு பலகை ஊஞ்சல் உண்டு. வந்ததும் வராததுமாக அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஆட ஆரம்பித்தாள். பட்டுப் புடவையின் ஓரம் தரையைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. நான் சங்கிலிப் பக்கம் போய் நின்றேன்.

"உன் முறைப்படி நிறுத்தட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாம். ஆடட்டும்."

கையை எடுத்துவிட்டேன்.