வெள்ளையன் நின்ற சுவர்

நாமக்கல்லில் காலை ஆறு மணிக்கே, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது புகைவிட்டு, இருமி, நகர்ந்தபோது மணி ஏழரை. சேந்தமங்கலம் ஏழு மைல், டிக்கெட் இரண்டரை அணா. மேடு வந்த இடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளியதற்கு ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டேன், கண்டக்டர் சிரிக்கவில்லை. அங்கிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு ஆறு மைல், எட்டணா கொடுத்து மாட்டு வண்டி.

சேலத்தில் நான் டிராயிங் வாத்தியார். மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியில் ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு சுவரில் சித்திரம் எழுதுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் புறப்பட்டிருந்தேன். தை மாதக் கடைசி. யுத்தம் முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டு ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

பதினொரு மணிக்குக் காரவள்ளி. மிளகு வாங்கும் ராவுத்தர் ஒருவர் டீ கொடுத்து, எனக்குத் துணையாகச் சடையன் என்பவரைச் சேர்த்துவிட்டார். அதே ஊர்க்காரர், மிளகு போட வந்தவர். மலைக்குப் போகும் தபாலும் ராவுத்தர் கடைக்குத்தான் வரும். அவர் ஒரு சர்க்கார் உறையை எடுத்து, சடையனிடம் தராமல் என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் காயிதங்க. இவரு தம்பி சம்சாரத்துக்கு வந்திருக்குது. ஒரு வாரமா வெச்சிருக்கேன். நீங்களே மேல போயிப் படிச்சுச் சொல்லிருங்க."

சொல்லும்போது அவர் சடையன் முகத்தைப் பார்க்கவில்லை. சடையனும் உறையைப் பிரிக்கச் சொல்லவில்லை. அவளுக்கு வந்ததை அவள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் நாலு மணி நேரம் ஏறினோம். பனிமூட்டம் விலகவே இல்லை. சடையன் காகிதத்தைப் பற்றிப் பேசாமல் சித்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தையில் அறுப்பு முடிந்ததும், வீட்டில் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரையும் வெள்ளை மண்ணால் சுவரில் எழுதுவார்களாம். யாராவது செத்தால், சேதி தெரிந்த அன்று பொழுது சாய்வதற்குள் அந்த உருவத்தைச் செம்மண் பூசி மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் செத்தவர் போக வழியில்லாமல் வீட்டைச் சுற்றியே நிற்பாராம். உயிரோடு இருப்பவரைப் பூசிவிட்டாலோ, பூசியவரே கொன்ற மாதிரி. எங்கள் ஊரில் ஆள் போன பிறகுதான் படம் மாட்டி மாலை போடுவோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு ஊர். இருபது வீடு இருக்கும். சடையன் வீட்டுச் சுவரில் மாடுகள், மிளகுக் கொடி, ஆட்கள். அவற்றில் ஓர் உருவத்துக்கு மட்டும் தலையில் தொப்பி. அதுதான் தம்பி வெள்ளையன், பர்மாவுக்குப் போன பட்டாளத்துக் கூலி. எழுதியவள் அவன் மனைவி காளியம்மா. மூங்கில் குச்சியின் நுனியை நசுக்கி எழுதிய கோடு. என் கைக்கு அந்தத் திடம் வராது.

உறையைப் பிரித்தேன். மூன்றே வரி. வெள்ளையன் பர்மாவில் இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போனார். விசாரித்தும் தகவல் இல்லை. இறந்துபோனதாகவே சர்க்கார் முடிவு செய்கிறது. அவ்வளவையும் தமிழில் சொன்னேன்.

"யாராச்சும் பாத்தாங்களாமுங்களா?" என்றாள் காளியம்மா.

பார்த்ததாக எழுதவில்லை என்றேன்.

சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு வருசங்களா? ரெண்டு தையிலயும் சுவத்துல எழுதிப் போட்டமுங்க. போக முடியாம இங்கயே நிக்கறானோ என்னமோ."

பிறகு அவரே எழுந்து சட்டியில் செம்மண் குழைத்தார். சுவர்வரை போனார், கை எழவில்லை. சட்டியைக் காளியம்மாவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். செத்தவனை நிறுத்தி வைத்த பாவம் ஒரு பக்கம், உயிரோடு இருப்பவனைக் கொன்ற பாவம் இன்னொரு பக்கம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அவரு யாருமில்லீங்க. நீங்க பூசிருங்க சாமி."

நான் பார்க்க வந்தவன், எனக்கு இதெல்லாம் தெரியாது என்று ஏதேதோ சொன்னேன். சடையன் சட்டியை என் முன்னால் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டியில் கை விட்டேன். மண் சில்லென்று இருந்தது. தொப்பியை முதலில் மறைத்தேன், பிறகு முகம். ஈரத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்ததால் மறுபடி பூச வேண்டியதாயிற்று. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்த கை இது.

கை கழுவ அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். அழவில்லை.

"நாளைக்கு அவரு வந்து கேட்டா, நாங்க யாரும் பூசலீங்க, அசலூரு ஆளு ஒருத்தரு பூசிட்டுப் போனாருன்னு சொல்லிக்குவேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மலை இறங்கினேன். மற்ற வீடுகளைப் பார்க்கவில்லை. சேலம் திரும்பி ஒரு வருஷமாகிறது. பள்ளிக்கூட வாசலில் முன்பின் தெரியாத ஆள் யாராவது நின்றால், வெள்ளையனோ என்று இன்னும் எட்டிப் பார்க்கிறேன். என்னை ஏன் பூசினாய் என்று கேட்டு அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கி அடிக்க வேண்டும். அந்த அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.