சில்லு எண்ணும் குணசுந்தரி

செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பிள்ளையாருக்கு யாராவது சிதறுகாய் உடைத்தால் ஊரே பொறுக்கக் குனியும். குணசுந்தரி மட்டும் நிமிர்ந்து நிற்பாள். "பதினொண்ணு, நைனா. அதுல நாலு நேரா முன்னால பூட்ச்சி" என்பாள், தினமும் அவளோடு ரயிலேறும் என்னிடம். பிள்ளையாரே அத்தனை கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாம் தொழில் புத்தி. பட்டணத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இவளுக்கு மைக்ராஸ்கோப் உத்தியோகம். சீமையில் ராட்சச யந்திரம் ஒன்றில் அணுத்துகள்களை முடுக்கி, புகைப்படத் தகட்டுக்குள் பாய்ச்சுகிறார்கள். துகள் உள்ளே ஏதாவதோர் அணுக்கருவில் முட்ட, அது சிதறுகிறது. தகட்டைக் கழுவி விமானத்தில் இங்கே அனுப்புகிறார்கள். சிதறலைத் தேடிப் பிடித்து எண்ணுவது குணசுந்தரி. தடித்த கோடு, உடைந்த கருவின் துண்டு. மெல்லிய கோடு, மோதிய அந்தக் கணத்தில் புதிதாய்ப் பிறந்த மெசான் என்கிற துகள். நொடியைக் கோடி கூறாக்கினால் ஒரு கூறுகூட உயிர் தரிக்காத பிறவி! அதன் ஜனனத்தைப் பதிய இங்கிருந்து ஒருத்தி தயிர்சாதத்தோடு ரயிலேறுகிறாள். அமெரிக்காக்காரன் சந்திரனில் இறங்கிய அன்று ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. "நெலா எங்க பூடப் போவுது?" என்று இவள் தகட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

அங்கே ஒரு சட்டம். ஒரே தகட்டை இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருத்தி கண்டது மற்றவளுக்குத் தெரியக் கூடாது. இவளுக்கு ஜோடி திருநின்றவூர் சந்திரகலா. தற்காலிக வேலை, அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. சிதறலை நிறைய விட்டுவிடுகிறாள், இந்தத் தகட்டோடு அவள் வேலை சரி என்று பேச்சு அடிபட்டது.

ஆகவே ஒரு மாலை, ரயிலில், என் காதுபடவே அந்த மகாபாதகம் நடந்தது.

"மேல் ஓரத்துல சின்னதா ஒண்ணு கீது, பார்த்தியா?"

"இல்லியேக்கா."

"நாளிக்குப் பாரு. கீழ ரெண்டு ஒட்டிக்கினு நிக்கிது. அதையும் வுட்டுட்டு பேஜாரு பண்ணாதே."

ஆவடியில் தொடங்கியது, திருநின்றவூர் வருவதற்குள் தகடு முழுவதும் கைமாறிவிட்டது.

இருவர் கணக்கும் அச்சாகப் பொருந்தியது. பாராட்டுக்குக் காத்திருந்தார்கள். மேலதிகாரி டாக்டர் பாக்கியநாதன் தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

"ஏம்மா, நீ விட்டு அவ பார்த்தது, அவ விட்டு நீ பார்த்தது, இது தெரிஞ்சாத்தானே ரெண்டு பேர் கண்ணுலயும் படாதது எத்தனைன்னு நான் கணக்குப் போட முடியும்? ஒண்ணுகூட விடலைன்னா ஒண்ணு நீங்க தெய்வம், இல்லே திருடிங்க. வேற தகடு தரேன். ஆளுக்கொரு ரூம்ல உக்காருங்க."

அந்த வாரம் ரயிலில் குணசுந்தரி சந்திரகலாவை விட்டு எதிர் ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். "என்னாலதான் அவ வேலை பூடும் நைனா" என்றாள், ஒரே ஒரு தடவை.

வேலை போகவில்லை. புதுத் தகட்டில் சந்திரகலா சிலவற்றை விட்டிருந்தாள். ஆனால் குணசுந்தரி விட்ட ஒரு சிதறலைப் பிடித்திருந்தாள், டாக்டர் கேட்ட கணக்கு அதில் கிடைத்துவிட்டது. இவளுக்குச் சந்தோஷமா, துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. "அந்த ஒண்ணுல ஏழு மெசான் நைனா! ஏழும் என் கண்ணு முன்னாலதான் இருந்துகினு இருந்துக்கீது!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை பிள்ளையார் முன் காய் சிதறியது. இப்போது நானும் எண்ணப் பழகிவிட்டேன். எண்ணிக்கையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க நைனா!"

பதறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தோப்புக்கரணம் போடப்போகிறாள் என்று பூசாரி விபூதித் தட்டோடு காத்து நின்றார். அவள் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.