கியர் விடுபடாத படகு

படகு எஞ்சின் திருத்தும் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை. அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டவர்கள் சொல்வதைக் கேட்டு முடிப்பதுதான் பெரிய வேலை. கொட்டியாரக் குடாவின் கரையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கணவர் போன பிறகு அந்தப் பட்டறையும், அவருடைய மெக்கானிக் குணராசாவும், வாசலில் வந்து நிற்கும் நிபுணர்களும் எனக்கு மிஞ்சினார்கள்.

எல்லாரும் கொஞ்சம்

கிண்ணியா நசீரிடம் இருப்பது ஒரே ஒரு படகு. திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப் போவார். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். புரொப்பெல்லர் பூட்டிய கால் பின்னால் வெளியே தொங்கும். கியர் தடியை இழுத்தால் ஒரு கேபிள் அந்தச் செய்தியைக் காலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு திங்கட்கிழமை செய்தி போகவில்லை. தடியை நடுவுக்கு, நியூட்றலுக்கு, இழுத்த பிறகும் படகு முன்னால் ஓடி, ஜெட்டியில் கட்டியிருந்த பழைய லொறி ரயரில் ஏறி நின்றது. வெள்ளிக்கிழமை அதிகாரி பரிசோதிக்க வருகிறார். அன்றைக்கும் இப்படி நடந்தால் ஆள் ஏற்ற அனுமதி இல்லை. இந்தப் பருவம் முழுக்க நசீர் கரையில் நின்று மற்றவர்களின் திமிங்கிலங்களைப் பற்றிக் கேள்விப்படலாம்.

எங்களிடம் வருமுன் வைத்தியம் நடந்திருந்தது. கேபிள் நுனியில் உள்ள பித்தளை நட்டை நசீர் திருகினார். பிறகு அவருடைய மச்சான். பிறகு, பஸ் எஞ்சின் தெரியும் என்ற தகுதியில், ஐஸ் லொறிச் சாரதி. குணராசா திறந்து பார்த்தபோது நட்டு கடைசிப் புரியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. யார் இப்படித் திருகியது என்று கேட்டேன். நசீர் நியாயமாகப் பதில் சொன்னார்:

"ஆளுக்கு ரெண்டு சுத்துத்தான் அக்கா. ஒருத்தரும் கூடச் சுத்தல்ல."

மச்சானின் கை

எஞ்சின் ஓடாதபோது கியர் விழுகிறதா என்று பார்க்க, ஒருவர் தடியைத் தள்ள, இன்னொருவர் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கொடுக்க வேண்டும். யாருடைய கை புரொப்பெல்லரில் இருந்தாலும், தவறியும் எஞ்சினை முடுக்கிவிடாதபடி அதன் திறப்பு என் கைக்குள் இருக்கும். சுற்ற வந்த மச்சானுக்கு இது அவமரியாதையாகப் பட்டது. பதினைந்து வருடமாகப் புரொப்பெல்லர் பிடிக்கிறாராம், ஒரு சின்னக் கீறல்கூட இல்லையாம். ஆதாரமாக இடது கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை மெல்ல மடக்கினார்.

"இது வேற எஞ்சின்ல போனது."

அழகான எழுத்து

குணராசா புது நட்டுப் போட்டுக் கேபிளைச் சரிசெய்தார். படகு மணலில் நின்றபோது கியர் அச்சொட்டாக விழுந்தது, விடுபட்டது. கடலில் இறக்கினால் பழைய கதை. எஞ்சினை நிறுத்தித்தான் படகை நிறுத்த முடிந்தது. சூடை மீனுக்கு வலை போடும் ஒருவர் படகைக் கட்டி இழுத்துவந்தார். மறுபடி மணல், மறுபடி கடல், மறுபடி அதே வலைக்காரர். புதன் மாலை நசீர் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றுதான் எஞ்சினோடு வந்த புத்தகத்தைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் படித்தவள் என்று பெயர். பட்டறைக்கு வந்து இத்தனை வருடத்தில் அப்படி ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. காலை இறக்கி வைத்துத்தான் கேபிளைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கால் உயர்ந்தால் உள்ளே போகும் கேபிள் வளையும். வளைந்த கேபிளுக்குப் பார்த்த அளவு, கால் இறங்கியதும் பிழையாகிவிடும். கட்டைபறிச்சானில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போட் எஞ்சின்களோடு வளர்ந்தவர் குணராசா. மணலுக்கு வந்தால் காலைத் தூக்குவது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் பழி அவருக்கில்லை. 'காலைத் தூக்கிவிட்டு வேலையைத் தொடங்கவும்' என்று சுவரில் சோக்கால் எழுதி வைத்தவள் நான். குணராசா சுவரை நிதானமாக வாசித்தார்.

"எழுத்து வடிவா இருந்ததக்கா, அதாலதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்ல."

ஒரு சாண்

வியாழக்கிழமை காலுக்குக் கீழே மணலில் குழி தோண்டி, காலை இறக்கி, முதலிலிருந்து சரிசெய்தோம். வெள்ளிக்கிழமை அதிகாரி படகில் ஏறினார். கடலில் ஒரு சுற்றுப் போய், ஜெட்டியை நோக்கி நசீர் வேண்டுமென்றே வேகமாக வந்தார். ஜெட்டியில் நின்ற என்னை ஒதுங்கும்படி குணராசா சொன்னார். நான் ரயருக்குப் பக்கத்திலேயே நின்றேன். தடி நடுவுக்கு வந்தது, 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். ரிவேர்ஸ். ரயருக்கு ஒரு சாண் முன்னால் படகு நின்றது. அதிகாரி கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, கடலைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நசீர் கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். இரண்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"இனித் திமிங்கிலம் வராட்டி மட்டும் உங்களக் குறை சொல்ல மாட்டன் அக்கா."

எங்கள் மேல் பழி விழாத ஒன்றாவது இந்தக் கடலில் நீந்துகிறது என்பதை, இத்தனை வருடத் தொழிலில் அன்றுதான் அறிந்துகொண்டேன்.