ஒரு கால், இரண்டு கை

தொண்ணூறுகளில் ஏற்காடு பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லி உடம்பு, தோளில் பெரிய தோல்பை. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஒரு காலைப் படிக்கட்டுக் கம்பியில் கோத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வெளியே நீட்டி ஆட்களை உள்ளே இழுத்துப் போடுவார்.

ஒருநாள் என் வாடிய முகத்தைப் பார்த்து விசாரித்தார். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகளில் ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஒட்டி, அதை வைத்து ரத்தத்திலிருக்கும் புற்றுநோய்ச் செல்லைப் பிடிப்பது என் ஆராய்ச்சி என்றேன். ஆறு மாதமாக ஒன்றும் சிக்கவில்லை.

“அது எப்படிங்க புடிக்கும், கையாலயா?”

“ஆமாங்க. ஆன்டிபாடி Y எழுத்து மாதிரி இருக்கும். அதுக்கு ரெண்டு கை, ஒரு கால்.”

“துகள்ல எதைங்க ஒட்டுனீங்க?”

“எது பட்டுச்சோ அதைத்தானுங்க.”

காலைக் கம்பியில் கோத்தபடியே என்னைப் பார்த்தார். “ஏனுங்க, கையைக் கொண்டுபோய் ஒட்டிப்புட்டா ஆளை எப்படிங்க புடிக்கறது?”

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் ஆன்டிபாடியின் கால் மட்டும் துகளில் ஒட்டும்படி செய்தேன். செல்கள் சிக்கின. கட்டுரையில் கண்டக்டருக்கு நன்றி சொன்ன வரியைப் பேராசிரியர் அடித்துவிட்டார். பெயர் தெரியாதவருக்கு நன்றி கூடாதாம். ஆனால் கட்டுரைக்கு நான் வரைந்த படத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அதில் ஓர் ஆன்டிபாடியின் தோளில் இன்னும் தோல்பை தொங்குகிறது.