திருப்தி என்று அமத்திய விரல்

மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு முன்னால் வடிகான் அடைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள். அவளோ பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி.

கொடுத்த முறைப்பாடு என்னானது என்று கேட்க இன்று சபைக் கந்தோருக்குப் போனேன். காரைதீவு தொடங்கி நற்பிட்டிமுனை வரை என் குரலுக்கு நடுங்காத அதிகாரி இல்லை. என்னைக் கண்டதும் கந்தோரே எழும்பி நின்றது. பொறுப்பான தம்பி கதிரை போட்டு, இஞ்சி பிளேன்டீயும் தந்தார்.

"காக்கா, எங்கட சேவை எப்படி? இந்த ரெப் திரையில ஒரு முகத்தை அமத்துங்க. இந்த மார்க்கை வெச்சுத்தான் மேலிடம் எங்கள அளக்குது."

டீ குடித்த வாய் குறை சொல்லுமா? திரையில் 'திருப்தி' என்றிருந்த சிரித்த முகத்தை ஓங்கி அமத்தினேன்.

"வடிகானுக்கு ஆக்கள் எப்ப வருவாங்க தம்பி?"

"திருப்தி எண்டு நீங்களே அமத்திட்டீங்களே. அது தீர்ந்த கணக்கில போயிட்டு."

"அப்ப புதிசா ஒண்டு பதியுங்க."

"தீர்ந்தது திரும்பி வந்தா எங்கட மார்க் விழுந்திரும் காக்கா. கொஞ்சம் பொறுங்க."

வெளியே வந்தால் மழை. மகள் போன் எடுத்தாள்.

"வாப்பா, தண்ணி தொட்டிலுக்குக் கீழ வந்திட்டு. ஆக்கள் வாறாங்களா?"

வடிகானை நானே வெட்டப் போகிறேன். வெட்டி முடித்தால் அந்த மார்க்கும் கந்தோருக்குத்தான். மண்வெட்டி உள்ளவர்கள் கொமென்ட்டில் சொல்லுங்கள்.