சைலன்சர் சூட்டில் உலர்த்திய முந்தானை

நனைந்த சேலையில் கந்தக வாசம் இன்னும் தூக்கலாக வரும்... பட்டாசு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சோப்பு போட்டுத் துவைத்தாலும் நாலு மழைத்துளி பட்டால் போதும், மறுபடி கிளம்பிவிடும்.

அன்றைக்கும் அந்த வாசத்தோடுதான் நின்றோம்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். எங்க வீட்டுக்காரரைப் பற்றி எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான்.

அவர் வேன் ஓட்டினார். எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கிற ஃபேக்டரிக்கு எங்கள் ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். நானும் அதில்தான் போவேன். முதலில் டீசல் வண்டி. கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தால் முகம் துடைத்த துணி கறுத்துப்போகும். அதைக் கொடுத்துவிட்டு, கேஸில் ஓடுகிற வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

புகையே இல்லை. வாசமும் இல்லை. ஏரோப்ளேனில் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் எங்களோடு வேலை பார்க்கிற முத்தக்கா. ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அவள்.

எங்களுக்கு மூக்குதான் காவல். பட்டாசு மருந்து வாசம் கொஞ்சம் மாறினாலும், எங்காவது புகை தெரிந்தாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவோம். வாசம் இல்லாத ஒன்று ஆளைச் சாய்க்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

இடி இடித்தால் ஃபேக்டரியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நல்ல மழை. கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகர ஷெட். வண்டியை அவர் ரிவர்ஸில் அதற்குள் விட்டிருந்தார். பேட்டரி சரியில்லை, அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று இன்ஜினை ஓடவிட்டு, இன்னும் வராத ரெண்டு பேரைப் பார்க்கக் குடையோடு கேட்டுக்குப் போனார். சாரல் அடிக்கிறது என்று வாசலில் தார்ப்பாயை இழுத்துவிட்டது நாங்கள்தான்.

சைலன்சரில் இருந்து இதமாகச் சூடான காற்று வந்தது. முதலில் முத்தக்காதான் முந்தானையை அதற்கு நேரே பிடித்தாள். பிறகு எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். பெரிய ஓட்டலில் கை காயவைக்க மிஷின் இருக்குமாம், நமக்குச் சேலை காயவைக்கவே மிஷின் வந்துவிட்டது என்று ஒரே சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. பசி என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மா என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்பலாம் என்றால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை...

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் மழை. அவர் ஒவ்வொருத்தியாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாண்டியம்மாவை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் எழுந்து காப்பி கேட்டாள்.

எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"இம்புட்டுப் பொம்பளைக உள்ள இருக்கீக. முத்தக்கா வேற இருக்காக. ஒரு சத்தத்தைக் காணோம். அதான் ஓடியாந்தேன்."

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சைலன்சருக்கு முன்னால் தேன்கூடு மாதிரி ஒரு சாமான் இருக்க வேண்டுமாம். இன்ஜினிலிருந்து வருகிற விஷத்தை அதுதான் குறைக்குமாம். முன்னாடி வைத்திருந்தவர் அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை மாட்டியிருக்கிறார். கேஸும் தேவைக்கு மேலே போய்க்கொண்டிருந்ததாம். புகை கண்ணுக்குத் தெரியாததால் நாங்கள் சுத்தம் என்று நம்பிவிட்டோம்.

அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், இழுவை நல்லா இருக்கும், விட்டுவிடு என்று வேன் ஸ்டாண்டில் சொன்னார்கள்.

"எம் பொண்டாட்டி அதுலதாம்ணே வாரா" என்றாராம் இவர்.

புதுசு வாங்கி மாட்டினார். கேஸை அளவாக வைத்தார். பேட்டரியையும் மாற்றினார். புகை பார்க்கிற இடத்தில் குழாயைச் சொருகிப் பார்த்து, விஷத்தின் அளவு குறைந்திருக்கிறது என்று மகள் மார்க் வாங்கிய மாதிரி வீட்டில் வந்து சொன்னார். அப்படியும் வண்டி நின்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார். என்ன சாமான் மாட்டினாலும் அடைத்த இடத்தில் ஓடவிடக் கூடாது என்பார்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் அசதியில் எல்லாரும் கண் அசந்துவிட்டால் முன்னாலிருந்து குரல் வரும். "என்ன, சத்தத்தைக் காணோம்?"

"செத்துட்டோம்ப்பா, நீ வண்டிய ஓட்டு" என்பாள் முத்தக்கா.

போன மாசியில் அவருக்கு நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

வண்டியை இப்போது அவர் சேக்காளி கணேசண்ணன் ஓட்டுகிறார். அதே வண்டி, அதே சீட்டு. இந்த மாதம்தான் நான் திரும்ப வேலைக்குப் போனேன். முதல் நாள் என் முகத்தைப் பார்த்து யாரும் வாய் திறக்கவில்லை. கணேசண்ணன் பாட்டுக்கூடப் போடவில்லை. ஊருக்குப் பிரிகிற விலக்கும் தாண்டியாயிற்று. முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் வரவில்லை.

நானே கேட்டேன். "என்ன, சத்தத்தைக் காணோம்?"

முத்தக்கா "செத்..." என்று ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம், காலையில் ரசத்துக்குப் புளி கரைக்க மறந்துபோன கதையைச் சொன்னாள். அதற்குப் பாண்டியம்மா ஏதோ நக்கல் பண்ணினாள். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

ஃபேக்டரி வந்தது. கணேசண்ணன் இன்ஜினை அணைத்தார்.

பேச்சு மட்டும் நிற்கவில்லை.