கொழுந்தனார் மரம் ஏறிய நாள்

சியா தேயிலை வறுக்கும்போது அவள் அடுப்படிக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பாள். வெங்காயம் தின்றவர், சோப்புப் போட்டுக் குளித்தவர், பெட்ரோல் வாசம் அடிப்பவர் எல்லோரும் வெளியே. "இலை பச்சப்புள்ள மாதிரி. யார் தூக்குனாலும் அவங்க வாசம் ஒட்டிக்கும். போயிட்டு நாளைக்கு வாங்க" என்பாள். எங்கள் லாவ் குலத்தின் பெரியவர் சிங் என்பவரையே ஒருமுறை முற்றத்தில் கோழிகளோடு உட்கார வைத்திருக்கிறாள்.

ஆள் குட்டை, நல்ல அகலம். கொதிக்கும் இரும்புச் சட்டியில் வெறுங்கையால் இலையைப் புரட்டிப் புரட்டி உள்ளங்கை மரத்துப்போனவள். வாய் மட்டும் மரக்கவில்லை.

சுவோய் ஸாங் மலையில் ஹ்மோங் மக்களான எங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் காட்டுத் தேயிலை மரங்கள் உண்டு. யாரும் நட்டவை அல்ல, யாருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் மூத்தவை. சியாவுக்கு அவள் கணவன் பாவ் விட்டுப்போனவை ஆறு. மண்சரிவில் அவன் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. அந்த மரங்களையும் யாராவது பிடுங்கிக்கொண்டால் செத்துப்போவேன் என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

பிடுங்க ஆள் வந்துவிட்டான். பாவின் தம்பி தூவா. கீழே டவுனில் பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன், ஈர்க்குச்சி உடம்பு. அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பி கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மாட்டேன் என்றால் அவள் வெறுங்கையோடு கிளம்பவேண்டும், மரங்கள் குலத்தோடு நிற்கும். தூவாவுக்குச் சியாமேல் ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நல்ல விலை போகும் வசந்தக் கொழுந்துமேல் இருந்தது.

குலம் கூடியது. சியா எழுந்து நின்றாள்.

"கட்டிக்கிறேன், பெரியப்பா. ஆனா மரத்துக்குச் சொந்தக்காரரா வர்றவரு மரம் ஏறத் தெரிஞ்சவரா இருக்கணும்ல? ஒரே பகல்ல ஆறு மரத்து உச்சியிலயும் ஒவ்வொரு பிடி கொழுந்து கிள்ளிட்டு வரட்டும். கல்யாணத்த வெச்சுக்கலாம். முடியலைன்னா மரமும் எனக்கு, நானும் எனக்கு."

"இவ்ளோதானா?" என்று தூவா சிரித்தான். பெரியவரும் தலையாட்டிவிட்டார்.

மரம் ஏறவேண்டிய காலையில் அவன் வந்ததைப் பார்க்கவேண்டுமே! தலையில் ஏதோ பூசி, மயிர் ஒவ்வொன்றும் பளபளத்தது. சியா குனியச் சொல்லி மோந்தாள்.

"இந்த நாத்தத்தோட என் இலையத் தொடுவியா? போய் ஓடையில கழுவிட்டு வா."

பனி விலகாத ஓடையில் தலை கழுவி, பல் கிடுகிடுக்க வந்தான். பிறகுதான் நான் சோளச் சாராயக் குடத்தைத் தூக்கி வந்தேன். ஒவ்வொரு மரத்திலும் ஏறுமுன் அதன் அடியில் ஒரு கிண்ணம் ஊற்றி, ஏறுகிறவனும் குடிக்கவேண்டும். பழகியவர்கள் உதட்டை நனைத்தால் போதும். மரத்துக்குப் புதிய கை என்றால் முழுக் கிண்ணம். இது சியா கட்டிவிட்ட கதையல்ல, எங்கள் பாட்டன் காலத்து முறை. அவள் செய்ததெல்லாம் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததுதான். இருப்பதில் பெரியது. சாராயம் அவளே காய்ச்சியது.

"முடியலைன்னா உனக்குப் பதிலா வேற யாராச்சும் குடிக்கலாம், கொழுந்தனாரே. முறையில இடம் இருக்கு" என்றாள், தேன் ஒழுக.

ஊரே நின்று பார்க்கும்போது எந்த ஹ்மோங் ஆம்பிளை தன் கிண்ணத்தை அடுத்தவனிடம் நீட்டுவான்?

"நான் என்ன பொட்டப்புள்ளையா?" என்று வாங்கி ஒரே மூச்சில் கவிழ்த்தான்.

முதல் மரம் ஏறி இறங்கினான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஏறினான். இரண்டாவதும் ஆயிற்று. சியாவின் முகம் கறுத்தது. "இன்னும் தளும்ப ஊத்து" என்று என் இடுப்பில் கிள்ளினாள். மூன்றாவது மரத்திலிருந்து இறங்கியவன் தன் பைக்கைக் காணோம் என்று தேடினான். நான்காவது மரத்தின் கவட்டைக்கு எப்படிப் போனான் என்பது அவனுக்கே தெரியாது. அங்கே கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினான். பாட்டு நின்றது. அழுகை வந்தது.

"அண்ணி, தரை சுத்துது! நிறுத்தச் சொல்லுங்க!"

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் ஏணி வைக்கும் பழக்கமில்லை. பாசி படிந்த வழுக்கல் மரம், ஏறிப் பிடிக்க இளவட்டங்களே தயங்கினார்கள். சியா என் இடுப்பிலிருந்து குழந்தை சுமக்கும் துணியை உருவினாள். அரைமணிக்கு முன் என் பேரன் அதில் தூங்கி எழுந்திருந்தான். வெறுங்காலோடு ஏறிப்போய், மூட்டை தூக்கிப் பழகிய முதுகில் கொழுந்தனாரை ஏற்றி, துணியைக் குறுக்கே இழுத்துக் கட்டி, கிளை கிளையாக இறங்கினாள். பூவேலைத் துணிக்குள் இரண்டு நீளக் கால்கள் தொங்கின. குழந்தைகள் கைதட்டினார்கள்.

பெரியவர் சிங் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "என்னப்பா தூவா, கல்யாணத்த எப்ப வெச்சுக்கலாம்?"

"மொதல்ல என்னை அவுத்து விடச் சொல்லுங்க, பெரியப்பா."

சியா முடிச்சில் கை வைத்தாள், அவிழ்க்கவில்லை. "மரம் யாருது? ஊருக்குக் கேக்கச் சொல்லு."

"உங்களுது அண்ணி! ஆறும் உங்களுது! சத்தியமா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

அவிழ்த்துவிட்டாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனான். சியா அவன் கொழுந்து போட்டிருந்த கூடையைக் கிளறிப் பார்த்து, "பரவால்ல, பதமாத்தான் கிள்ளியிருக்கான்" என்றாள்.

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் போகவில்லை. மரத்தண்டில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளோ என்று கிட்டே போனேன், இல்லை.

"இனிமே நம்ம மரத்த யாரும் கேக்க மாட்டாங்க, பாவ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.